ரத்தினக்கா உட்கார்ந்த பெஞ்சு

காவிரிப் பாலத்தை ஒட்டி ஆற்றங்கரையில் ஒரு பூங்கா. வாசலில் வயிற்றைத் திறந்துகொண்டு குப்பைக்காக நிற்கிற சிமெண்ட் கங்காருவைத் தாண்டி நேரே நடந்தால், தண்ணீரைப் பார்த்தபடி வரிசையாகப் பெஞ்சுகள் வரும். அந்த வரிசையின் கடைசிப் பெஞ்சில், ஓர் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், நாகரத்தினம் என்கிற ரத்தினக்கா, தம்பி தங்கைகள் போட்ட ரோஜா மாலையோடு போட்டோவுக்காக உட்கார்ந்தாள். போட்டோ எடுத்தாயிற்று, வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்தாயிற்று, மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு போயாயிற்று, ரத்தினக்காவால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை.

யாரும் பதறவில்லை. ஐம்பத்திரண்டு வயசு, துணிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை மடிக்கிற உடம்பு, கொஞ்ச நேரம் உட்காரட்டுமே என்றார்கள். அப்புறம் பெரிய தம்பி கணேசமூர்த்தி ஒரு கையையும் கடைக்குட்டி சுதாகர் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள், தங்கை உமையாள் முதுகைத் தள்ளினாள், நடைப்பயிற்சிக்கு வந்த கூட்டத்தில் பாதி வந்து கை கொடுத்தது. ஊஹூம். இடுப்புக்குக் கீழே உடம்பு சிமெண்டோடு சிமெண்டாக, பதித்துவைத்த ஆட்டுக்கல் மாதிரி அமர்ந்துவிட்டது. வலி இல்லை. சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா, நீங்க போய்ச் சாப்பிடுங்க," என்றாள் ரத்தினக்கா. அவள் வாயில் வேறென்ன வரும்?

இந்தப் பெஞ்சு விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் தர்மம் செய்கிறவன் பெயர் எழுதாமல் செய்யமாட்டான். கோயில் டியூப்லைட்டில்கூட 'உபயம்' என்று தொடங்கி அப்பன், பாட்டன் பெயர்வரை எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் அடைத்துவைத்திருப்பான். பூங்காவின் பெஞ்சுகள் எல்லாமே யாரோ யாருக்கோ செய்த உபயம். கணேசமூர்த்திக்குப் பெரிய இரும்புக்கடை, ஊரில் நாலு பேர் மதிக்கிற இடம். அவன் யோசனைதான் இது. அம்மா போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு வயசு பதினேழு, அப்பா அதற்கு முன்னாடியே திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர் போனவர்தான், சுதாகர் தவழக்கூட ஆரம்பிக்காத பச்சைக் குழந்தை. அந்த மூன்றையும் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, கடை வைத்துக்கொடுத்து, தான் மட்டும் ஒண்டியாக நின்றுபோன அக்காவுக்கு ஏதாவது செய்யவேண்டாமா? செய்தார்கள். பெஞ்சின் முதுகில் நீலப் பெயிண்டில், 'எங்களை வளர்த்து ஆளாக்கிய அக்கா நாகரத்தினம் அவர்களின் நினைவாக' என்று எழுதினார்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு என்னய்யா நினைவாக? பெயிண்டர் எல்லாப் பெஞ்சிலும் அப்படியே எழுதிப் பழகியவர், கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. கணேசமூர்த்தி மைக்கில் அதை உரக்க வாசித்தான், எல்லோரும் கைதட்டினார்கள், ரத்தினக்காவும் சேர்ந்து கைதட்டினாள்.

ஆனால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டின்போது தம்பி தங்கைகளிடம் சொல்ல அவள் ஒரு விஷயம் வைத்திருந்தாள். லோகநாதன் என்று ஒரு டவுன் பஸ் கண்டக்டர். மனைவியை இழந்தவர், மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். ரத்தினக்கா கடைக்குப் போவதும் வருவதும் பல வருஷமாக அவர் பஸ்ஸில்தான். எப்போது அது வெறும் டிக்கெட்டாக இல்லாமல் போனது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஆடியோடு அவருக்கு ரிடயர்மெண்ட். ஆவணி பிறந்ததும் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சேந்தமங்கலத்தில் அவருக்கு இருக்கிற ஓட்டு வீட்டுக்கு இரண்டு பேரும் போய்விடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். அதைச் சொல்வதற்காக மூன்று நாளாக வாய்க்குள்ளேயே வார்த்தையைக் கூட்டிக்கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்குள் பெஞ்சு பிடித்துக்கொண்டது.

டாக்டர் வந்தார், நரம்பு என்றார். ஜோசியர் வந்தார், கேது என்றார். கடப்பாரையும் டிரில்லிங் மெஷினும் வந்தன. கடப்பாரை வளைந்தது, மெஷின் புகைந்தது, பெஞ்சில் ஒரு கீறல் விழவில்லை. 'நினைவாக' என்ற வார்த்தைதான் தோஷம் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, கணேசமூர்த்தி அதே பெயிண்டரைக் கூட்டிவந்து அதை அழித்து 'என்றும் மறவாத நன்றியுடன்' என்று எழுதவைத்தான். ரத்தினக்காவின் இடுப்பு இன்னும் ஒரு விரற்கடை உள்ளே இறங்கியது. பூங்கா அதிகாரி வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, பெஞ்சு பொதுமக்களுக்கானது, அம்மா தாராளமாக இருக்கட்டும், ஆனால் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார இடம் விட்டாகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ரத்தினக்காவுக்குப் பசித்தது, தூக்கம் வந்தது, மற்ற உபாதை எதுவும் அவளைத் தேடிவரவில்லை. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த ஊர்க்காரர்களும் கேட்கவில்லை.

ஊர் எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டது என்கிறீர்கள்! முதல் வாரம் வேடிக்கை பார்த்தவர்கள் அடுத்த வாரம் கார் சாவியையும் செருப்பையும் செல்போனையும் அவள் மடியில் போட்டுவிட்டு நடக்கப் போனார்கள், நடக்கப் போனவர்களைப் பார்த்து ஓடப் போனவர்கள் கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள், ஒரு பேங்க் அம்மா தன் நாய்க்குட்டியைக் கொண்டுவந்து கட்டினாள், துணிக்கடை முதலாளி அவள் உட்கார்ந்த இடத்துக்கே புடவைக் கட்டுகளை அனுப்பி மடித்துவாங்கினார், ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார், உமையாள் தன் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடம் விட்டதும் "பெரியம்மா கணக்குச் சொல்லித்தருவா" என்று நேரே பூங்காவுக்கே அனுப்பினாள், கணேசமூர்த்தி மேலே தகரக் கூரை போட்டு அதிலும் 'உபயம்' என்று எழுதினான், வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் சுற்றிப் புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு ஆற்றுத் தண்ணீரை மொண்டு அவளுக்குத் தலைக்கு ஊற்றினார்கள், ஊற்றும்போதே மாமியாரைப் பற்றியும் வாங்கிய சீட்டைப் பற்றியும் யோசனை கேட்டார்கள். போகும்போது எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: நீங்க நல்லா இருக்கணும்க்கா, ரொம்ப நன்றிக்கா.

அக்கா வீட்டில் இல்லையே என்று யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. வீட்டில் செய்ததை இங்கே செய்கிறாள், அங்கே சுவர் இருந்தது, இங்கே எதிரே அகலமாக ஆறு இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். காலையில் கண்விழித்தால் காவிரி. அது பாட்டுக்கு வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனது. "பாவி, உனக்கென்ன," என்று அதை வாய்விட்டே திட்டினாள் ரத்தினக்கா. பொறாமையாக இருந்தது.

லோகநாதன் மத்தியான ஷிப்ட் மாறும் நேரத்தில் காக்கிச் சட்டையோடு வருவார். பக்கத்தில் உட்கார மாட்டார். எதிரே புல்லில் கைக்குட்டையை விரித்து உட்காருவார்.

"இன்னைக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்பார்.

"தொப்புளுக்கு மேல சில்லுனு இருக்கு."

"யாரு யாரு வந்தாங்க?"

அவள் சொல்வாள். சொல்லச்சொல்ல அவளுக்கே புரிந்தது. யாராவது நன்றி என்று சொல்லும்போதெல்லாம் அந்தச் சில்லிப்பு ஓர் இழை மேலே ஏறுகிறது. வாயால் சொன்னால் ஓர் இழை, மனசாரச் சொன்னால் ஒரு விரல்.

"நான் என்ன பண்ணட்டும்? வேண்டாம்னு சொன்னா இன்னும் உருகுறாங்க, அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு," என்றாள். அவருக்கும் தெரியவில்லை, பாவம்.

ஆடிப் பதினெட்டு வந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு இரு கரையும் தொட்டுப் போனது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சித்ரான்னத் தூக்குகளோடும் மஞ்சள் கயிறுகளோடும் பூங்காவுக்குள் நுழைந்தார்கள்; பழம், காதோலை, கருகமணி என்று காவிரிக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு, அப்படியே திரும்பி வரிசைகட்டி ரத்தினக்காவிடம் வந்தார்கள். மஞ்சள் கயிற்றைச் சுமங்கலி கையால்தான் வாங்கவேண்டும் என்கிற சட்டத்தைக்கூட ஊர் அன்றைக்கு அவளுக்காக ஒதுக்கிவைத்தது. எங்க அக்காவுக்கு இல்லாத மங்கலமா என்றார்கள். காலில் விழுந்தார்கள், கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், புளியோதரையை ஊட்டிவிட்டார்கள், நன்றிக்கா, நன்றிக்கா, நன்றிக்கா. பொழுது சாயும்போது ரத்தினக்காவுக்கு மார்புவரை உடம்பு இல்லை. மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போனது. தொண்டைவரை வந்துவிட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தாள், வாய்விட்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

மறுநாள் லோகநாதன் வந்து, வழக்கத்துக்கு விரோதமாக நின்றுகொண்டே பேசினார்.

"ரத்தினம், ஆடி முடியப்போகுது. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாமக்கல் பஸ்ஸுல சேந்தமங்கலம் போறேன். பூங்கா ஸ்டாப்புல வண்டி நிக்கும்."

"நான் இப்படி இருக்கும்போதா?"

"இங்கேயே கெடந்து உன்னைப் பார்த்துக்கிறேன்னு என்னால சொல்ல முடியும். சொன்னா அதுக்கும் நீ எனக்கு நன்றி சொல்லுவ. அப்புறம் நானும் இந்தப் பக்கம் ஒரு பெஞ்சுல ஒட்டிக்கணும். ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து ஆத்தைப் பார்த்துட்டே செத்துப்போகலாம், வேணுமா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போங்க, போய்த் தொலைங்க! யாரு உங்களை இருக்கச் சொன்னது?" என்று கத்தினாள். வாழ்க்கையில் அவள் ஒருவரைத் தொலையச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவரும் மனுஷன்தானே, சுர்ரென்று ஏறியது. "உனக்குத் திமிருடீ!" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போனார்.

அவர் கங்காருவைத் தாண்டுவதற்குள் ரத்தினக்காவுக்கு முழு மூச்சு உள்ளே போனது. விலா எலும்பு இரண்டு திரும்பி வந்திருந்தது. கையால் தொட்டுப்பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பேங்க் அம்மா நாய்க்குட்டியோடு வந்தாள்.

"இன்னைக்கு முடியாதும்மா," என்றாள் ரத்தினக்கா.

"உடம்பு சரியில்லையாக்கா?"

"உடம்புக்கு என்ன? பிடிக்கலை. உங்க நாயை நீங்களே பார்த்துக்குங்க."

பேங்க் அம்மா நாய்க்குட்டியை இழுத்துக்கொண்டு வாசல்வரை போய் அங்கே நின்றவர்களிடம் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "ஒரு பெஞ்சு கிடைச்சதும் மகாராணி ஆயிட்டா!" ரத்தினக்காவுக்கு வயிறு திரும்பக் கிடைத்தது.

அடடா, அப்புறம் நடந்ததைக் கேட்கவேண்டும். இத்தனை வருஷம் சொல்லாமல் உள்ளே தேங்கிக்கிடந்த 'முடியாது' எல்லாம் மதகு திறந்த மாதிரி வந்தது. செருப்பைப் போட வந்தவர்களிடம் முடியாது என்றாள், புடவைக் கட்டைத் திருப்பி அனுப்பினாள், சீட்டுப் பிடிக்கிறவளிடம் நீ ஏமாற்றுகிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்னாள், கைக்குழந்தை அழுதால் அழட்டும் என்றாள். ஒவ்வொரு 'முடியாது'க்கும் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, நல்லவள் என்ற பெயரை ஐம்பத்திரண்டு வயசில் இழப்பது லேசா என்ன? ஊர் நன்றிக்கு எப்படிப் பழகியதோ அதே வேகத்தில் வசவுக்கும் பழகிக்கொண்டது. கொழுப்பு என்றார்கள், வேஷம் இத்தனை நாள் என்றார்கள், அதனால்தான் சாமி உட்காரவைத்துவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்ற ஒருத்தியும் வரவில்லை. உமையாளிடம், "உன் பிள்ளைங்களுக்குக் கணக்கு வரலைன்னா நீ டீச்சர் வையி," என்று சொல்ல, உமையாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "உன் மனசுக்குள்ள இவ்வளவு அழுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பெஞ்சு வலது தொடையை விட்டது.

கணேசமூர்த்தியிடம் லோகநாதனைப் பற்றிச் சொன்னாள். ஆனியில் சொல்லவேண்டியதை ஆவணியில் சொன்னாள், வார்த்தை எதையும் கூட்டிப்பார்க்காமல்.

"கண்டக்டரா?" என்றான். "அக்கா, நாங்க உன்னைக் கும்பிடுற இடத்துல வெச்சுப் பெஞ்சு போட்டிருக்கோம். இந்த வயசுல... ஊரு சிரிக்காது? எம் பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்."

"சிரிக்கட்டும்டா. நானும் கொஞ்சம் சிரிச்சுக்கிறேன்."

அவன் போனான். கடையிலிருந்து ஒரு டப்பா தாரோடு திரும்பிவந்து, பெஞ்சின் முதுகில் அவள் பெயரையும் நன்றியையும் தானே அடித்து அழித்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அது துக்கமா ஆத்திரமா என்று அவனுக்கே தெரியாது. "இனிமே எனக்கு அக்கா இல்லை," என்றான். ரத்தினக்கா வலது காலைத் தூக்கி அதன் மேலிருந்த பனித்துளி மாதிரியான சிமெண்ட் துகள்களைத் தட்டிவிட்டாள். தட்டும்போது அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

இடது இடுப்பு மட்டும் வரவில்லை. அங்கேதான் சுதாகரை அவள் தூக்கிச் சுமந்தது. கடைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வந்ததும் வராததுமாக அந்த இடுப்பில் ஏற்றிக்கொண்டுதான் சமைப்பாள், துவைப்பாள், ரேஷன் வரிசையில் நிற்பாள். ஊர் முழுக்கத் திட்டியபோதும் சுதாகர் ஒருவன்தான் மாறவில்லை. வேலை முடிந்து, வீட்டில் மனைவி ஹேமா காத்திருக்க, தினமும் இடியாப்பமோ தோசையோ வாங்கிக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காலை அமுக்கிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வந்தான். பாலத்தின் மேல் வெயில் இன்னும் இருந்தது. பஸ்ஸுக்கு அரைமணி நேரம்கூட இல்லை.

"அக்கா, ஹேமாவுக்கு அடுத்த மாசம் பிரசவத்துக்கு டேட் குடுத்திருக்காங்க. அவங்க அம்மாவும் இல்லை, பயப்படுறா. எங்க அக்கா இருக்குடின்னு சொன்னேன். பொறந்ததும் இங்க கொண்டாந்து உன் மடியிலதான் போடுவேன்."

ரத்தினக்காவின் இடுப்பிலிருந்து சில்லிப்பு மேலே ஏறியது. அதைவிட அவளுக்கு ஆசையாக இருந்தது, அதுதான் கொடுமை. அந்தக் குழந்தையின் தலை எப்படி இருக்கும், எந்தப் பக்கம் சுழி இருக்கும் என்றுகூட ஒரு நொடி யோசித்துவிட்டாள்.

"வளர்க்க மாட்டேன்டா," என்றாள்.

சுதாகர் சிரித்தான். "கோவத்துல இருக்கே. கணேசண்ணன் சொன்னுச்சு. நீ அவரைக் கட்டிக்கோக்கா, எனக்குச் சந்தோஷம்தான். நீ எங்களுக்குச் செஞ்சதுக்கு நாங்க..."

"சொல்லாதே!" என்று கத்தினாள். விலாவரை ஏறிவிட்டது. இவன் கோபப்படவே மாட்டான், இப்படி வளர்த்தது யார், அவள்தானே. பொய்யாகத் திட்டினால் இவனுக்குத் தெரிந்துவிடும். உண்மையைத்தான் சொல்லவேண்டும், உண்மையிலும் பாதியை மட்டும்.

"சுதா, இங்க பாரு. உன்னைத் தூக்கும்போது எனக்குப் பதினேழு வயசு. நீ ராப்பகலா அழுவ. உன்னைக் கீழ போட்டுட்டு ஓடிரலாமான்னு நான் நினைக்காத நாள் இல்லை. நீ காய்ச்சல்ல கெடந்தப்போ, இது போயிட்டா நல்லா இருக்குமேன்னுகூட நினைச்சேன். உன்னை நான் ஆசைப்பட்டு வளர்க்கலை. வேற வழி இல்லாம வளர்த்தேன்."

இன்னொரு பாதியை, காய்ச்சல் விட்ட அன்றைக்கு அவன் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்ததை, அவள் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள்.

சுதாகர் எழுந்து நின்றான். தூக்குச்சட்டி கையிலிருந்து விழுந்து இடியாப்பம் புல்லில் சிதறியது. அவன் முகம் அழப்போகிற சின்னப்பிள்ளை முகமாக ஆனது, அப்புறம் அவள் பார்த்தேயிராத ஒரு முகமாக ஆனது.

"நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்றான். "சீ! போ. எங்கயாவது போ. எம் புள்ளை மேல உன் நிழல்கூடப் படக்கூடாது."

ரத்தினக்கா எழுந்தாள்.

பெஞ்சு ஒரு சத்தமும் போடாமல் விட்டது. கால் இரண்டும் கண்டபடி நடுங்கின, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், நடை வேகமானது, ஓட்டமானது. ஏன் என்றால் சுதாகரை அவளுக்குத் தெரியும். அவனுக்குக் கோபம் நிலைக்காது. சின்ன வயசில் அடித்தால்கூட அடித்த கையையே வந்து பிடித்துக்கொள்கிற பிள்ளை அது. அவன் மன்னிப்பதற்குள் அவள் கேட்டைத் தாண்டியாகவேண்டும்.

ஊஞ்சலைத் தாண்டினாள், டிக்கெட் கூண்டைத் தாண்டினாள், கேட்டுக்கு நாலு எட்டு இருக்கும்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தே வந்துவிட்டது.

"அக்கா! ஓடாதேக்கா, விழுந்துடுவே! கால் மரத்துப்போயிருக்கும்!"

இடது கால் தரையில் ஊன்றி நின்றது. தூக்க முடியவில்லை. உள்ளங்காலில் சில்லென்றது. வெளியே நாமக்கல் பஸ் நின்றுகொண்டிருந்தது, படியில் நின்று லோகநாதன் உள்ளே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி ஒரே ஒரு தடவை அவனைக் கட்டிக்கொண்டால் போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தக் கேட்டை அவள் தாண்டப்போவதில்லை. ரத்தினக்கா திரும்பாமலே, கழுத்து நரம்பு புடைக்க, பூங்காவே கேட்கும்படி, தன்னிடம் இருந்த அத்தனை பாசத்தையும் கூட்டிக் கத்தினாள்:

"வாயை மூடுடா சனியனே! உன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலை எனக்கு!"

பின்னால் சத்தம் நின்றது. கால் விட்டது.

பஸ் பாலத்தின் மேல் ஏறியது. நல்ல கூட்டம். அழுது வீங்கிய முகத்தோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாளைப் பார்த்து ஒரு காலேஜ் பெண் சட்டென்று எழுந்து, "நீங்க உக்காருங்கம்மா," என்றாள். லோகநாதனும், வேலையிலிருந்து ரிடயர் ஆனாலும் பழக்கம் போகாமல், "உக்காரு ரத்தினம், ரொம்ப தூரம்," என்றார்.

"வேண்டாம்," என்றாள் ரத்தினக்கா, விம்மிக்கொண்டே. நாமக்கல்வரை நின்றுகொண்டே போனாள்.